இரைப்பையை இறக்கி வைத்த பறவை

2022 அக்டோபர் 13ஆம் தேதி அலாஸ்கா கரையை விட்டு ஒரு பறவை தெற்கே கிளம்பியது. பட்டைவால் மூக்கன் இனம். பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோடையில் நோம் என்ற ஊருக்கு அருகே ஆய்வாளர்கள் அதைப் பிடித்து, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தி விட்டிருந்தார்கள். அதனால் அதற்கு 234684 என்று ஓர் எண் உண்டு, பெயர் கிடையாது. அக்டோபர் 24ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாத் தீவில், ஆன்சன்ஸ் விரிகுடாவில் அது இறங்கியது. கடந்து வந்த தூரம் 13,560 கிலோமீட்டர். கீழே முழுக்க முழுக்கப் பசிபிக் பெருங்கடல். பதினொரு நாளும் அது எங்கும் இறங்கவில்லை, ஒரு வாய் உண்ணவில்லை. பூமியைச் சுற்றிவர 40,000 கிலோமீட்டர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கை ஒரே வீச்சில் பறந்திருக்கிறது. நிற்காமல் பறந்த தூரத்துக்கான கின்னஸ் சாதனை அந்தக் குஞ்சின் கணக்கில் ஏறியது.

இது கடற்பறவையாக இருந்திருந்தால் இவ்வளவு வியந்திருக்க மாட்டோம். ஆல்பட்ராஸ் சிறகை விரித்து வைத்துக்கொண்டு காற்றின் மேல் மணிக்கணக்கில் மிதக்கும். களைத்தால் தண்ணீரில் அமரும். மூக்கனுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. வாத்தின் காலில் இருக்கும் சவ்வு இதன் காலில் இல்லை. அலையில் உட்கார்ந்து இளைப்பாற முடியாது. இது சேற்றுப் பறவை. கடல் வற்றிய ஈரத்தில் நடந்து, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்த நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டுப் புழுவையும் சிறு சிப்பியையும் எடுத்துத் தின்று வாழ்வது. இதன் நெருங்கிய உறவான கருவால் மூக்கனைப் பனிக்காலத்தில் கோடியக்கரையிலும் பள்ளிக்கரணையிலும் பார்க்கலாம். சாதாரண நாட்களில் எடை அரைக் கிலோகூட இராது. அந்த உடம்பு பசிபிக்கைக் கடக்க ஒரே வழி, சிறகை அடித்துக்கொண்டே இருப்பது. பகலெல்லாம், இரவெல்லாம், பதினொரு நாளும்.

கவலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பறவை நினைவுக்கு வருகிறது. அது பறந்த தூரத்தைவிட, கிளம்புவதற்கு முன் அது செய்த ஒரு காரியம்தான் என்னை உலுக்கியது.

கோடை முடியும் நாட்களில் மூக்கன்கள் மேற்கு அலாஸ்காவின் கரையோரச் சேற்றுப் பரப்புகளில் வந்து கூடுகின்றன. குஸ்கோக்விம் ஆறு கடலில் சேரும் பகுதி அவற்றுக்கு முக்கியமான இடம். கடல் வற்றும் நேரமெல்லாம் தின்கின்றன. தோலுக்கு அடியிலும் வயிற்றைச் சுற்றியும் கொழுப்பு ஏறுகிறது, எடை இரட்டிப்பாகிறது. 1987இல் அலாஸ்கா தீபகற்பத்தில், அப்போதுதான் பயணத்தைத் தொடங்கியிருந்த இளம் மூக்கன்கள் சில, ராடார் கூண்டு ஒன்றில் மோதி இறந்துபோயின. அந்த உடல்களை ஆராய்ந்த டச்சு அறிஞர் தியூனிஸ் பியர்ஸ்மாவும் அமெரிக்க அறிஞர் ராபர்ட் கில்லும் 1998இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். உடல் எடையில் 55 விழுக்காடு கொழுப்பு. பறவைகளில் அளந்து அறியப்பட்ட மிக அதிகமான அளவுகளில் அது ஒன்று.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் வயிற்றுக்குள் இருந்தது. சிப்பி ஓட்டை அரைக்கும் இரைப்பை சுருங்கிப்போயிருந்தது. குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாமே மிகச் சிறியதாக ஆகியிருந்தன. மார்புத் தசையும் இதயமும் மட்டும் குறையவில்லை. அத்தனை வாரம் ஓயாமல் தின்று கொழுப்பைச் சேர்த்துத் தந்த உறுப்புகளை, வேலை முடிந்ததும் அந்த உடல் தானே கரைத்துக்கொண்டது. ஊருக்குக் கிளம்புகிற பெண் கடைசியாக அடுப்பை அணைத்துப் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வாசலுக்கு வருவதுபோல, இந்தப் பறவை தன் அடுக்களையை மூடிவிட்டுப் புறப்படுகிறது. வானத்தில் அரைக்க ஒன்றும் இல்லை, செரிக்க ஒன்றும் இல்லை. அங்கே இரைப்பை வெறும் பாரம்.

இதைப் படித்த அன்று மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துத் திரும்பவும் வாசித்தேன். எதை உண்போம், எதை உடுப்போம் என்று கவலைப்பட வேண்டாமென்று ஆண்டவர் சொன்னது வயிறு நிறைந்தவர்களிடம் அல்ல. அந்த மலைச்சரிவில் உட்கார்ந்திருந்தவர்கள் மீன்பிடிக்கிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், ரோமருக்கு வரி கட்டியே ஓய்ந்துபோனவர்கள். நாளைய சாப்பாடு அவர்களுக்கு உண்மையான கேள்வி. அவர்களிடம் அவர் பறவைகளைக் காட்டினார். கலிலேயாவின் வானம் அதற்கு ஏற்ற இடம். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே வலசை போகும் நாரைகளும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் யோர்தான் பள்ளத்தாக்கின் மேலாகத்தான் போகின்றன. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை. நிமிர்ந்து பார்த்த யாருக்கும் அவர் சொன்னது கண்முன்னே பறந்திருக்கும்.

அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, விசுவாசி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று பொருள் எடுப்பவர்கள் உண்டு. அலாஸ்காவின் சேற்றில் அலகைக் குத்திக் குத்தி எடுக்கும் மூக்கனை அவர்கள் பார்க்க வேண்டும். சிப்பியைச் சேற்றுக்குள் வைத்தவர், அதை எட்டும் நீளத்துக்கு அலகையும் கொடுத்திருக்கிறார். தேடுவதைப் பறவையிடமே விட்டிருக்கிறார். உழைப்பை ஆண்டவர் ஒருநாளும் கவலை என்று சொல்லவில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சீட்டுக் கட்டுவது உழைப்பு. மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்வது உழைப்பு. இவற்றைச் செய்யத்தான் வேண்டும்.

தொல்லை அதற்குப் பிறகு தொடங்குகிறது. சீட்டுப் பணம் கட்டியாயிற்று. ரத்தம் கொடுத்தாயிற்று, அறிக்கை வியாழக்கிழமைதான் வரும். செய்ய வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு மனம் எழுந்து உட்கார்ந்து, முடிந்த கணக்கை மறுபடியும் முதலில் இருந்து போடுகிறது. உள்ளே எதுவும் இல்லாமலேயே இரைப்பை அரைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அரைப்பில் நாளைக்கு ஒன்றும் சேர்வதில்லை; இன்றைக்கு இருந்த பலம்தான் தேய்கிறது. மார்புத் தசைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியதை அது தின்றுவிடுகிறது. இப்படித் தேய்ந்துபோன நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். விசுவாசம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு நா எழாது. கவலைப்படாதே என்று வெறும் வாயால் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது கொடுமை. ஆண்டவரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. பறவையைப் பார்க்கச் சொன்னார், காட்டுப் பூவைப் பார்க்கச் சொன்னார். உள்ளே திரும்பித் தன்னையே தின்னும் கண்ணை வெளியே, மேலே திருப்பினார்.

பறவையைப் பார்க்கப் பார்க்க, படைத்தவரின் கைவேலை விரிந்துகொண்டே போகிறது.

கிளம்பும் நாளை மூக்கன் எப்படித் தேர்ந்தெடுக்கிறது தெரியுமா? இலையுதிர் காலத்தில் அலாஸ்காவின் கடலில் புயல் சின்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வரும். மீனவர்கள் படகைக் கரையேற்றும் நாட்கள் அவை. மூக்கன்கள் அந்தப் புயலுக்காகவே காத்திருக்கின்றன. வடகோளத்தில் தாழ்வழுத்த மண்டலத்தின் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்காக வீசும். அந்த விளிம்பில் ஏறிக்கொண்டால், முதல் சில நூறு கிலோமீட்டர் காற்றே தள்ளிவிடும். கரையில் இருப்பவர்களுக்கு அச்சம் தரும் அதே காற்று அந்தப் பறவைக்குப் பயணத் தொடக்கத்தின் தயவு. தெற்கு நோக்கிச் சிறகை விரிக்கும் பருந்து உன் புத்தியினாலா பறக்கிறது என்ற பொருளில் கர்த்தர் யோபுவிடம் கேட்ட கேள்வி, யோபுவின் புத்தகத்தில் 39ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதனிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. யோபுவின் துக்கத்துக்குக் கர்த்தர் விளக்கம் கொடுக்கவில்லை. தம் படைப்பைக் காட்டினார். எரேமியா தீர்க்கதரிசியும் நாரையையும் தகைவிலானையும் சுட்டி, தாங்கள் வரவேண்டிய வேளை அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது என்றார்.

நடுக்கடலில் தாகத்துக்கு என்ன செய்யும்? கொழுப்பு எரியும்போது அதிலிருந்தே நீர் பிறக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு முழுமையாக எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகவே நீர் உண்டாகும். நெருப்பும் ஊற்றும் ஒரே இடத்தில்! உடம்பு ஓய்வில் செலவிடுவதைப்போல எட்டு, ஒன்பது மடங்கு சக்தியை நாள் கணக்கில் செலவிட்டுக்கொண்டு, அந்தச் செலவிலிருந்தே தன் தண்ணீரையும் பெற்றுக்கொள்கிறது.

இன்னொன்று. வளர்ந்த மூக்கன்கள் பெரும்பாலும் முன்பே கிளம்பிவிடுகின்றன. துந்திராவில் பாசிப் படுக்கையில் பொரித்த குஞ்சுகள் பிறந்த அன்றே எழுந்து நடந்து தாமாக இரை தேடத் தொடங்குபவை. அவை பின்னால் கூடி, பின்னால் புறப்படுகின்றன. 234684 தான் போகும் நாட்டைக் கண்டதில்லை. கடலுக்கு மறு கரை உண்டு என்று அதற்கு யாரும் காட்டிக்கொடுத்ததில்லை. போகும் இடம் இன்னதென்று அறியாமல் ஊர் என்னும் பட்டணத்தை விட்டு வந்த ஆபிரகாமைப் பற்றி எபிரெயர் நிருபத்தில் வாசிக்கிறோம். அவரை விசுவாசிகளின் தகப்பன் என்கிறோம். அந்தக் குஞ்சுக்குள் தென்திசையை எழுதி வைத்தவரும் ஆபிரகாமை அழைத்தவரும் ஒருவரே என்று நம்புகிறவன் நான்.

கவலையை நிறுத்த எனக்குக் கைகொடுப்பது நன்றி செலுத்துவது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு என் ஆச்சிதான் வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். அடுக்களையில் இரண்டு மண்கலயம் இருக்கும். ஒன்று வீட்டுக்கு, மற்றது சபைக்கு. உழக்கால் அரிசி அளந்து சுளகில் கொட்டியதும், உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி இரண்டாவது கலயத்தில் போடுவாள். கை கலயத்துக்கு மேலே இருக்கும்போது உதடு அசையும்: "ஸ்தோத்திரம் ஆண்டவரே." பிடியரிசி என்று அதற்குப் பெயர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லோரும் தங்கள் கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். ஆராதனை முடிந்து ஏலம் போடுவார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷம், வீட்டுக் கலயத்தின் அடி தெரிந்தது. அந்த நாட்களிலும் பிடி நிற்கவில்லை. "ஆச்சி, நமக்கே காணாதே, இன்னைக்கு ஒருநா விட்டா என்ன?" என்று கேட்டேன். "எலே, இருக்கதுல எடுக்கணும்லே. நெறஞ்ச பொறவு எடுக்க யாருக்குத்தான் முடியாது?" என்றாள். அவளுடைய விரல்களை நான் பார்த்தேன். பிடி சிறிதாகியிருந்தது. ஆனால் விரல்கள் முழுதாக மூடித்தான் அள்ளின.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் காவலில் இருந்தபடி எழுதியது. தீர்ப்பு எந்தப் பக்கம் விழும் என்று அவருக்கே நிச்சயமில்லை. வாழ்வா சாவா என்பதை அந்தக் கடிதத்திலேயே நிறுத்துப் பார்க்கிறார். கவலையை விடச் சொல்லி அவர் அதில் எழுதும் இடத்தில், விண்ணப்பத்தையும் ஸ்தோத்திரத்தையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கிறார். கேட்டது கிடைத்த பிறகு நன்றி என்று அவர் வரிசைப்படுத்தவில்லை. கேட்கும்போதே நன்றி. உலையில் போடுமுன் பிடி. இந்த ஒழுங்கைப் பவுலிடம் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே ஆச்சியின் கையில் பார்த்துவிட்டேன். இரவில் விழிப்பு வந்தால் இப்போது நான் செய்வதும் அதுதான். இல்லாததை எண்ணுவதை நிறுத்தி, அன்று கையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் செய்கிறேன்: குழாயில் வந்த தண்ணீர், மூச்சு முட்டாமல் ஏறிய மாடிப்படி, கேட்காமலே காபி கொண்டுவந்து வைத்த மருமகள். பிரச்சினை அப்படியேதான் இருக்கும். அரைத்துக்கொண்டிருந்தது மட்டும் நின்றுவிடும்.

கிளம்பியவை எல்லாம் போய்ச் சேர்கின்றன என்று சொன்னால் அது உண்மையாகாது. விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விடுவது இன்னும் பெரிய பொய். வழியிலேயே கடலில் விழுகிறவையும் உண்டு. வடக்கே திரும்பும் பயணம் இன்னும் சிக்கலானது. நியூசிலாந்தில் இருந்து மார்ச் மாதம் புறப்படும் மூக்கன்கள் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள மஞ்சள் கடலில் இறங்கி, சேற்றில் மறுபடி இரை எடுத்து, பிறகே அலாஸ்காவுக்குப் போகின்றன. E7 என்று பெயரிடப்பட்ட பெண் பறவை 2007இல் அப்படித்தான் போய், அதே ஆண்டு செப்டம்பரில் அலாஸ்காவில் இருந்து 11,680 கிலோமீட்டரை எட்டு நாளில் நேராகப் பறந்து நியூசிலாந்துக்குத் திரும்பியது. ஆனால் அந்த மஞ்சள் கடல் சேற்றில் பெரும் பகுதியை மனிதர் அடைத்துவிட்டார்கள். தென்கொரியாவின் சேமாங்கும் பகுதியில் 33 கிலோமீட்டர் நீளச் சுவர் 2006இல் கடலை மறித்தது. பந்தியை நம்பி வந்து இறங்கிய பறவைக்கு இலை எடுக்கப்பட்டுவிட்டது. பரலோகப் பிதா பறவைகளுக்கு உணவு கொடுக்கிறார் என்று சொல்லும் நாம், அவர் விரித்த பந்தியைச் சுருட்டக் கூடாது. சீனா 2019இலும் தென்கொரியா 2021இலும் எஞ்சிய சேற்றுப் பரப்புகளில் சிலவற்றை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கச் செய்திருக்கின்றன. அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லலாம்.

விழுகிற பறவையைப் பற்றியும் ஆண்டவர் பேசியிருக்கிறார். ஒரு காசுக்கு இரண்டாக விற்கும் குருவிகள்கூடப் பிதாவுக்குத் தெரியாமல் தரையில் விழுவதில்லை என்றார். குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை. பல வருஷம் இந்த வேறுபாட்டை நான் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன். மரணப் படுக்கைகளின் அருகே உட்கார்ந்த பிறகு, பிதா அறியாமல் விழுவதில்லை என்ற அந்தச் சொல்லைத்தான் இறுகப் பிடித்துக்கொள்ள முடிந்தது. நடக்காது என்ற உறுதி யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நடந்தாலும் தனியே விடப்பட மாட்டோம் என்ற உறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் சாய்ந்து தூங்க முடிகிறது.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மூக்கனைக் குவாக்கா என்பார்கள். அதன் கூட்டைக் கண்டவர் யார் என்று அவர்கள் முன்னோர் வியந்தார்கள். கூடு உலகத்தின் மறு கோடியில் அல்லவா இருக்கிறது! பின்னால் வந்து குடியேறிய ஆங்கிலேயர் கிறைஸ்ட்சர்ச் நகரில் பேராலயம் கட்டினார்கள். அந்த நகரத்தின் கழிமுகத்துக்கு வசந்த காலத்தில் முதல் மூக்கன்கள் வந்து இறங்கியதும் பேராலயத்தின் மணிகளை அடித்து வரவேற்கும் வழக்கம் அங்கே இருந்தது. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் அடிக்கும் மணியை, அலாஸ்காவில் இருந்து மெலிந்து வந்து சேற்றில் நிற்கும் பறவைக்காக அடித்தார்கள். 2011 பிப்ரவரி 22ஆம் தேதி நிலநடுக்கம் வந்தது. அந்த ஊரில் 185 பேர் இறந்தார்கள். பேராலயத்தின் கோபுரம் இடிந்து விழுந்தது, மணியோசை நின்றது.

செப்டம்பரில் பறவைகள் வந்தன. கோபுரம் இல்லாத ஊரின் கழிமுகத்தில் வழக்கம்போல இறங்கின. நியூசிலாந்தின் தெற்குத் தீவின் வடகோடியில் உள்ள நெல்சன் நகரத்துப் பேராலயமும் மூக்கன்களுக்காக மணி அடிக்கும் கோயில்தான். அங்கே முதல் பறவைகளைப் பார்த்தவர்கள் செய்தி சொல்லி அனுப்பியதும் கோபுரத்தில் மணி முழங்குகிறது. கடைத்தெருவில் நடப்பவர்கள் நிமிர்ந்து பார்த்து, வந்துவிட்டன என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.